நம்பிக்கையாகிப்போன ஒரு படையணி



ஆங்கிலத்தில் 'ஃபோர்லோர்ன் ஹோப்' என்றொரு சொற்றொடர் உண்டு. கைகூடாதென்று தெரிந்த பின்னும் விடாது பற்றிக்கொள்ளும் நம்பிக்கையை இன்று அது குறிக்கிறது. 'ஃபோர்லோர்ன்' என்றால் கைவிடப்பட்ட. 'ஹோப்' என்றால் நம்பிக்கை. அகராதியைத் திறவாமலே பொருள் சொல்லிவிடலாம் போலிருக்கிறது. இடர்ப்பாடும் அங்கேதான்.

இத்தொடர் பிறந்தது போர்க்களத்தில். ஒல்லாந்த மொழியில் 'ஃபெர்லோரன் ஹோப்' என்றால் 'இழந்த கூட்டம்'. அங்கே 'ஹோப்' என்பது குவியல், கூட்டம், படைத்தொகுதி. மீளமாட்டார்கள் என்று முன்னரே கணக்கெழுதிவிட்டு அனுப்பும் அணி அது. 16ஆம் நூற்றாண்டில் இதைக் கேட்ட ஆங்கிலேயரின் செவியில் அது தங்கள் சொல்லாகவே விழுந்தது, கூட்டம் நம்பிக்கையாயிற்று. ஒல்லாந்தரிடமிருந்து 'கந்தோர்' என்ற சொல்லை நாம் பொருள் சிதையாமல் வாங்கிக்கொண்டோம். ஆங்கிலேயருக்கு இங்கே அது வாய்க்கவில்லை. பிரெஞ்சுக்காரரோ இதே அணியை 'இழந்த பிள்ளைகள்' என்றனர். எனக்கு நெஞ்சிற் தைப்பது அந்தப் பெயர்தான்.

இவர்களின் வேலை என்ன? பீரங்கிகள் கோட்டைச் சுவரை உடைத்துப் பிளவு உண்டாக்கும். அப்பிளவினூடே முதலில் ஏறுவது இவர்கள். எதிரியின் துப்பாக்கிகள் அனைத்தும் அவ்விடத்தையே குறிபார்த்திருக்கும். 1799 மே 4ஆந் திகதி, காவிரியைக் கடந்து ஸ்ரீரங்கபட்டணத்தைத் தாக்கிய ஆங்கிலப் படைக்கு முன்னே சென்றவை இத்தகைய அணிகளே. திப்பு சுல்தான் வீழ்ந்த நாள் அது. 1812 ஏப்ரல் 6ஆந் திகதி இரவு, ஸ்பெயினின் படஹோஸ் கோட்டையிலும் இவ்வாறே நடந்தது. அம்முற்றுகையில் வெலிங்டனின் பக்கத்தில் மாண்டோரும் காயமுற்றோரும் ஏறத்தாழ 5,000 பேர்.

இவ்வணியிற் சேர ஆட்கள் முண்டியடித்தார்கள் என்பதுதான் வியப்பு. 1871 வரை பிரித்தானியத் தரைப்படையில் அதிகாரிப் பதவிகள் பெரும்பாலும் பணங் கொடுத்து வாங்கப்பட்டன. காசில்லாத இளம் அதிகாரிக்குப் பதவி உயர இது ஒரு வழி. உயிர் தப்பினால் உயர்வு ஏறத்தாழ நிச்சயம். ஆகவே பிழையாகக் கேட்ட அந்தச் செவி ஓர் உண்மையையும் தொட்டுவிட்டது என்பேன். அக்கூட்டத்தில் நம்பிக்கையும் இருந்தது!

அண்மையில் என் உயர்தர வகுப்பு மாணவனொருவன் போர் நூலொன்றின் பகுதியைத் தமிழாக்கி வந்தான். 'வீண் நம்பிக்கை இருளில் சுவரேறியது' என்றிருந்தது. சிரிப்பு வந்தது உண்மை. ஆனால் ஏறியவர்கள் மனிதர்கள் அல்லவா? மொழிபெயர்ப்பில் அவர்கள் இரண்டாந் தடவையும் காணாமற் போய்விட்டார்கள்.

தமிழில் எப்படிச் சொல்வது? உழிஞைத்திணை பாடிய மரபு நமக்குண்டு; 'தூசிப்படை' என்ற சொல்லும் உண்டு. ஆனால் தூசிப்படை எந்தப் போரிலும் முன்செல்லும் படை. மீளாமை அதன் பொருளில் இல்லை. 'தற்கொலைப் படை' என்பதும் ஒவ்வாது. இவர்கள் சாகப் போனவர்களல்லர். சாவு காத்திருந்த இடத்துக்கு முதலிற் போனவர்கள். நான் அம்மாணவனுக்கு 'இழப்பணி' என்று எழுதிக் கொடுத்தேன். இதனிலும் நல்ல சொல் நேயர்களிடம் இருக்கக்கூடும், எழுதியனுப்புங்கள்.