பாம்பைச் சுடும் தோட்டாவும் எடப்பாடித் தோட்டமும்

அமெரிக்காவில் பண்ணை வைத்திருப்பவர்களும் காட்டுப் பாதையில் நடப்பவர்களும் பாம்புக்கென்றே கைத்துப்பாக்கியில் போட ஒரு தனித் தோட்டா வாங்குகிறார்கள். அதைச் சுட்டுக் காட்டும் வீடியோக்கள் நம் ஊர் செல்போன்களுக்கும் வந்துவிட்டன. எடப்பாடிப் பக்கம் கரும்புக்குத் தண்ணீர் கட்டப் போகிறவர் அதைப் பார்த்துவிட்டு, நம்மிடமும் இப்படி ஒன்று இருந்தால் தேவலையே என்று நினைப்பது இயல்புதான். அந்தத் தோட்டா எப்படி வேலை செய்கிறது, இங்கே சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நம் பக்கத்தில் பாம்பு கடித்துச் சாகிறவர்களில் பெரும்பாலோர், கடிபடும்வரை அந்தப் பாம்பைப் பார்த்ததே இல்லை. இருட்டில் மிதித்திருப்பார்கள், கரும்புச் சோகைக்குள் கையை விட்டிருப்பார்கள், தூக்கத்தில் புரண்டிருப்பார்கள். கண்ணில் படாத பாம்பை எந்தத் தோட்டாவாலும் சுட முடியாது.

சாதாரணத் தோட்டாவின் முனையில் ஒற்றைக் குண்டு இருக்கும். பாம்புத் தோட்டாவில் அந்த இடத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் குப்பி. உள்ளே கடுகைப் போல ஈய ரவைகள் நிரம்பியிருக்கும். 9-ஆம் எண் ரவை என்றால் ஒவ்வொன்றும் 2 மில்லிமீட்டர், 12-ஆம் எண் என்றால் 1.3 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. சுட்டதும் குப்பி உடைந்து ரவைகள் சிதறிப் பாயும். பாம்பின் தலை போன்ற சிறிய, அசையும் இலக்கை ஒற்றைக் குண்டால் அடிப்பது கடினம் என்பதால் வந்த யோசனை இது. வேட்டைத் துப்பாக்கியின் குழாய் உள்ளே வழுவழுப்பாக இருக்கும். கைத்துப்பாக்கிக் குழாயிலோ திருகு வரிகள் உண்டு. அந்த வரிகள் ரவைகளையும் சுழற்றி விடுவதால் அவை சீக்கிரம் அகலப் பரவி, நடுவில் வெற்றிடம் விட்டு வளையமாக விழும். அதனால் மூன்று மீட்டருக்குள்தான் இது பயன்படும். அதைத் தாண்டினால் பாம்பு சாகாது, காயம்தான் படும். கல்லும் சரளையுமான தரையில் காலடியை நோக்கிச் சுட்டால் ரவைகள் தெறித்துத் திரும்பி வரும், கண்ணுக்கு ஆபத்து.

மூன்று மீட்டர் என்பதை யோசித்துப் பாருங்கள். அவ்வளவு தூரத்தில் பாம்பை நீங்கள் பார்த்துவிட்டீர்கள் என்றால் ஆபத்து ஏற்கெனவே விலகிவிட்டது. நான்கு எட்டு பின்னால் வைத்தால் போதும். நல்ல பாம்போ விரியனோ மனிதனைத் துரத்திக் கொண்டு வருவதில்லை. சுடுவதற்காக அங்கேயே நிற்பதும், அடிபட்ட பாம்பைக் கிட்டே போய்ப் பார்ப்பதும்தான் கடி வாங்க வழி. தலை துண்டான பிறகும் பாம்பு கடிக்கும். 2018-ல் டெக்சாஸில் ஒருவர் கிலுகிலுப்பை விரியன் ஒன்றை வெட்டிவிட்டுத் துண்டான தலையை எடுத்தபோது அது கடித்தது. அவரைப் பிழைக்க வைக்க 26 டோஸ் விஷமுறிவு மருந்து தேவைப்பட்டது. தடியால் அடித்துப் போட்ட பாம்பைக் கையால் தூக்கி வேலியில் மாட்டும் நம் ஊர்ப் பழக்கத்துக்கும் இது பொருந்தும்.

இனி சட்டம். இந்தத் தோட்டா கிடைக்கும் அளவுகளில் 9 மில்லிமீட்டர், .38 ஆகியவை இந்தியாவில் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்டவை. மற்ற அளவுக் கைத்துப்பாக்கிக்கும் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வாங்க வேண்டும். உயிருக்கு என்ன அச்சுறுத்தல் என்று காவல்துறை விசாரிக்கும். தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டியிருக்கும். பயிரைக் காக்க, குழாயின் வாய்வழியே வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு அதே சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் அது பன்றி போன்று பயிரை அழிக்கும் விலங்குகளை மனத்தில் வைத்தது. பாம்பு பயிரைத் தின்பதில்லை, பயிரைத் தின்னும் எலியைத் தின்கிறது. உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தால் சிறைதான். பாம்புகளோ 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. உயிரைக் காத்துக்கொள்ள நல்லெண்ணத்தோடு கொல்ல நேர்ந்தால் குற்றமில்லை என்று அந்தச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு சொல்கிறது. தேடிப் போய்க் கொல்ல அது அனுமதி தரவில்லை.

பாம்பைக் கொன்று தீர்த்தால் சாவு குறையுமா என்பதை இந்த நாடு ஒரு முறை சோதித்தும் பார்த்துவிட்டது. ஆங்கிலேயர் காலத்தில் செத்த பாம்புக்குச் சன்மானம் கொடுத்தார்கள். லட்சக்கணக்கில் பாம்புகள் கொல்லப்பட்டன, ஆண்டுக்கு இருபதாயிரம் அளவில் பதிவான சாவு குறையவில்லை. ஒரு கண்ணாடி விரியன் ஒரே தடவையில் 20 முதல் 40 குட்டி வரை போடும். எலி இருக்கும்வரை பாம்பு வரும்.

அமெரிக்காவில் ஆண்டுக்கு 7,000 முதல் 8,000 பேரை விஷப்பாம்பு கடிக்கிறது. சாகிறவர்கள் ஏறக்குறைய 5 பேர். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்தார்கள் என்று 2020-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000. பிழைப்பதற்கும் சாவதற்கும் இடையிலான இந்த வித்தியாசம் துப்பாக்கியால் வந்ததல்ல. செருப்பு, வெளிச்சம், கட்டில், ஆஸ்பத்திரி இவற்றால் வந்தது.

எடப்பாடியைச் சுற்றிய நிலத்தைப் பார்த்தாலே காரணம் புரியும். மேட்டூர்க் கால்வாய்த் தண்ணீர் பாயும் இடத்தில் நெல், கரும்பு, மஞ்சள். மேட்டுக்காட்டில் சோளம், கடலை, குச்சிக்கிழங்கு. தண்ணீர் உள்ள பக்கம் எலி, எலி உள்ள பக்கம் கண்ணாடி விரியனும் நல்ல பாம்பும். காய்ந்த கல்லுக்காட்டில் ஒரு முழமே இருக்கும் சுருட்டை விரியன். வீட்டுக்குள் வருவது கட்டு விரியன். பம்புசெட்டுக்கு மும்முனை மின்சாரம் ராத்திரியில் வந்தால், தூக்கம் கலைந்த கண்ணோடு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் நடக்கிறார்கள். மடை திருப்பும்போது இரண்டு கையும் வேலையில் இருக்கும், வெறுங்கால் ஈர மண்ணில் இருக்கும், செல்போன் வெளிச்சம் சட்டைப்பையில் இருக்கும். கண்ணாடி விரியன் ஓடாது. சுருண்டு கிடந்து சீறும், அந்தச் சீறல் மோட்டார் சத்தத்தில் கேட்காது. இந்த நேரத்தில் இடுப்பில் துப்பாக்கி இருந்து என்ன செய்ய?

இங்கே வேண்டியது கணுக்கால் மூடும் பூட்ஸ், தலையில் மாட்டும் டார்ச், முன்னால் தரையைத் தட்டிக்கொண்டு போக ஒரு தடி. அதிர்வு பாம்புக்கு நன்றாகத் தெரியும், விலகிப் போக அதற்கு நேரம் கிடைக்கும். சோகையையும் விறகையும் கையால் அள்ளுவதற்கு முன் தடியால் கிளற வேண்டும். வீட்டையொட்டி வைக்கோல் போரும் செங்கல் குவியலும் வேண்டாம்.

கட்டு விரியன் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது கடித்ததே பல பேருக்குத் தெரிவதில்லை. தரையில் படுத்திருப்பவரை ராத்திரியில் கடிக்கும். வலி இருக்காது, வீக்கம் இருக்காது, பல் பட்ட தடம்கூடத் தேடினால்தான் கிடைக்கும். விடியற்காலையில் வயிறு வலிக்கிறது என்பார்கள், பிறகு இமை தூக்க முடியாது, பேச்சு குழறும், மூச்சு அடங்கும். வயிற்றுவலிக்குக் கஷாயம் கொடுத்துவிட்டுக் காத்திருந்த குடும்பங்கள் உண்டு. தரையில் படுத்தவர் விடியலில் வயிற்றுவலியோடு இமை சொருகி எழுந்தால் அதைப் பாம்புக்கடி என்றே எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். தடுக்க எளிய வழி கட்டிலும், ஓரம் மெத்தைக்கு அடியில் செருகிய கொசுவலையும். வலைக்குள் தூங்குவது பாம்புக்கடியைப் பெரிதும் குறைக்கிறது என்று நேபாளத்தில் செய்த ஆய்வு 2007-லேயே காட்டியது.

அதே நேபாளத்தில் தமக் என்ற ஊர்ப் பகுதியில் நடந்ததை நம் ஊர் இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். கிராமத்துக்குக் கிராமம் பைக் வைத்திருப்பவர்கள் தன்னார்வலர்களாகச் சேர்ந்தார்கள். கடிபட்டவரை ஓட்டுபவருக்கும் பின்னால் பிடித்திருப்பவருக்கும் நடுவில் உட்கார வைத்துச் சிகிச்சை மையத்துக்குக் கொண்டுபோனார்கள். மக்களுக்கு விளக்கமும் சொன்னார்கள். கடிபட்டவர்களில் சாகிறவர்கள் 10.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாகக் குறைந்தார்கள். எந்தத் தோட்டாவும் இதில் பாதியைச் சாதித்ததில்லை.

துப்பாக்கி நிறைந்த அமெரிக்காவே பாம்பு பிடிக்கத் தமிழ்நாட்டிலிருந்து ஆள் கூப்பிட்டது. 2017-ல் ஃபுளோரிடாவில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைத் தேட, இருளர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் போனார்கள். தடத்தையும் எச்சத்தையும் பார்த்தே கண்டுபிடித்தார்கள். இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தைச் சேர்ந்தவர்கள் அவர்கள். தோலுக்காகப் பாம்பைக் கொன்று பிழைத்த சமூகம், 1972 சட்டத்துக்குப் பிறகு விஷம் எடுத்துவிட்டு உயிரோடு விடும் தொழிலுக்கு மாறியது. இந்தியாவில் தயாராகும் விஷமுறிவு மருந்துக்குத் தேவையான விஷத்தில் பெரும்பகுதி அங்கிருந்து போகிறது. எடப்பாடியில் ஒருவர் கையில் ஏறும் மருந்துக்குள் அந்த உழைப்பு இருக்கிறது.

வீட்டுக்குள் பாம்பு வந்துவிட்டால் எட்ட நின்று, அது எங்கே போகிறது என்று ஒருவர் மட்டும் கண் வைத்துக்கொண்டு, தீயணைப்புத் துறைக்கு 101-இல் சொல்லுங்கள், அல்லது வனத்துறைக்குச் சொல்லுங்கள். குழந்தைகளையும் நாயையும் வெளியே அனுப்பிவிடுங்கள்.

கடித்துவிட்டால் பாம்பைத் தேடி ஒரு நிமிடம்கூட வீணாக்க வேண்டாம். அடித்து எடுத்துக்கொண்டு போனால்தான் டாக்டர் ஊசி போடுவார் என்பது தவறு. நம் மருந்து நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்துச் செய்தது. மெட்டி, மோதிரம், கொலுசு, வளையலை வீங்குவதற்குள் கழற்றுங்கள். கயிறு கட்டக் கூடாது, கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது. எலும்பு முறிந்தால் கட்டுவது போல ஒரு பலகையோ குச்சியோ வைத்து அசையாமல் கட்டி, நடக்க விடாமல் தூக்கிப் போங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மந்திரிக்கப் போனவர் பிழைத்திருந்தால், விஷமில்லாத பாம்போ, விஷம் இறங்காத கடியோதான் காரணம். அதை நம்பி அடுத்தவரை அழைத்துப் போகாதீர்கள்.

ஆஸ்பத்திரியில் ரத்தத்தைக் காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு 20 நிமிடம் அசைக்காமல் வைப்பார்கள். உறையவில்லை என்றால் விரியன் விஷம் ஏறியிருக்கிறது. மருந்து பெரியவருக்கு எவ்வளவோ அவ்வளவுதான் குழந்தைக்கும், ஏனென்றால் பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை. ஒன்றும் தெரியவில்லை என்றாலும் ஒரு நாள் முழுக்க வைத்துப் பார்ப்பார்கள், அவசரப்பட்டு வீட்டுக்குக் கூட்டிவராதீர்கள். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. அதனால் அரசு, தனியார் எதுவானாலும் ஒவ்வொரு கடியையும் பதிய வேண்டும். எந்த ஊரில் எவ்வளவு மருந்து வேண்டும் என்பது அந்தப் பதிவைப் பொறுத்தது. கண்ணாடி விரியன் கடித்தவருக்கு வீடு திரும்பிய பிறகும் சிறுநீர் குறைகிறதா, முகம் வீங்குகிறதா என்று பல வாரம் பார்க்க வேண்டும், சிறுநீரகப் பரிசோதனைக்கு மறுபடி போக வேண்டும்.