ஆடிக் காற்றுக்கு மேலே ஓடும் காற்று

ஆடிக் கிருத்திகை அன்று திருத்தணி மலையின் 365 படிகளிலும் கால் வைக்க இடம் இருக்காது. புஷ்பக் காவடிக் கூட்டத்தில் சிங்கப்பூரிலிருந்து லீவு போட்டு வந்தவர்களும் கலந்திருப்பார்கள். வருகிறபோது அவர்கள் வானத்தில் இருந்த நேரம் குறைவு. திரும்பிப் போகிறபோது கூடுதல். தூரம் என்னவோ ஒன்றுதான். சிங்கப்பூரின் சாங்கியிலிருந்து சென்னை மீனம்பாக்கம் வரை ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர்.

கைக்கடிகாரத்தைப் பார்த்தால் இது பிடிபடாது. இரவு 8 மணிக்குச் சிங்கப்பூரில் ஏறி நாலு மணி நேரம் பயணம் செய்து இறங்கினால், சென்னையில் மணி 9.30. மீதி இரண்டரை மணி நேரம் கணக்கில் மறைந்துவிடுகிறது. சூரியனைக் கேட்டால் இரண்டு ஊருக்கும் 95 நிமிடம்தான் வித்தியாசம் சொல்லும். சிங்கப்பூர் தன் கடிகாரத்தைச் சூரியனைவிட வெகுவாக முன்னே ஓட விட்டிருக்கிறது. 1982 பிறந்தபோதுகூட அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தார்கள். அங்கே ஏழு மணிக்குத்தான் விடிகிறது என்று நம்மவர்கள் அலுத்துக்கொள்வது இதனால்தான்.

பறக்கும் நேரம் மாறுவதற்குக் காரணம் காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிறோமே, அந்தக் காற்று அல்ல. அது மேற்கிலிருந்து வருவது. சென்னைக்கு வரும் விமானத்துக்கு எதிர்க்காற்று. ஆனால் அதன் ஆட்டமெல்லாம் கீழேதான். ஆறேழு கிலோமீட்டர் ஏறுவதற்குள் வலுவிழந்துவிடும். அதற்கும் மேலே காற்றின் திசையே தலைகீழ். 14, 15 கிலோமீட்டர் உயரத்தில், ஏறத்தாழ திருத்தணி இருக்கும் அட்சரேகையை ஒட்டி, கிழக்கிலிருந்து மேற்கே மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிய வேகத்தில் ஒரு காற்று ஓடுகிறது. கீழைத் தாரைக்காற்று என்று பெயர். 1958இல் இதை விரிவாக எழுதி உலகத்துக்கு எடுத்துக்காட்டியவர் இந்திய வானிலை விஞ்ஞானி பி. கோட்டீஸ்வரம்.

கோடையில் திபெத் பீடபூமியும் வட இந்தியாவும் சூடேறுவதில், அங்கே மேல்வானக் காற்று நிலநடுக்கோட்டுப் பக்கத்தைவிட வெப்பமாகிவிடுகிறது. வெப்பக் காற்று உப்பும். அதனால் உயரத்தில் வடக்கே அழுத்தம் கூடி, காற்று தெற்கே சரிகிறது. பூமி சுழல்வதால் அது வலப்பக்கம் திரும்புகிறது. தெற்கே போகிறவருக்கு வலப்பக்கம் மேற்கு. ஜூனில் தொடங்கி செப்டம்பர் வரை இந்த ஓட்டம் நிற்காது.

இதைப் பார்க்கக் கருவி வேண்டாம். ஆடி மாதத்து மாலையில் திருத்தணிப் பக்கம் இடிமேகம் திரளும்போது அண்ணாந்து பார்த்தால் போதும். கீழே உதிரி மேகங்கள் கிழக்கே நகரும். மேகத்தின் உச்சியிலிருந்து விரியும் வெள்ளைப் படலமோ பெரும்பாலும் மேற்கே நீண்டுகொண்டே போகும்.

விமானங்கள் 10 முதல் 12 கிலோமீட்டரில் பறப்பதால், இந்த ஓட்டத்தின் கீழ் விளிம்புதான் அவற்றுக்குக் கிடைக்கிறது. சிங்கப்பூரை நெருங்க நெருங்க அதுவும் தணியும். வழி நெடுக காற்றின் வேகம் சராசரியாக மணிக்கு 60 கிலோமீட்டர் என்றே வைத்துக்கொள்வோம். காற்றில்லாமல் 840 கிலோமீட்டர் வேகத்தில் 207 நிமிடம் பிடிக்கும் பயணம், வரும்போது 193 நிமிடம், போகும்போது 223. வித்தியாசம் அரை மணி நேரம்.

போகவர இரண்டும் சரிக்குச் சரி ஆகிவிடாதா? ஆகாது. லாபம் 14 நிமிடம், நட்டம் 16. உதவும் காற்றில் விமானம் சீக்கிரம் போய்விடுவதால் உதவி கிடைப்பதும் கொஞ்ச நேரம்தான். எதிர்க்காற்றில் மெதுவாகப் போவதால் அந்தத் தடையை அதிக நேரம் அனுபவித்தாக வேண்டும்.