மனநல நெருக்கடியில் அருகே அமர்பவர் யார்? சக ஆதரவுப் பணி குறித்த ஒரு விளக்கம்

புதுதில்லி: நள்ளிரவில் வீட்டில் ஒருவருக்கு மாரடைப்பு ஏற்பட்டால் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும் என்பது அனைவருக்கும் தெரியும். ஆனால் அதே நள்ளிரவில் ஒருவர் வாழ விருப்பமில்லை என்று கூறி அறைக்கதவைத் தாழிட்டுக்கொண்டாலோ, பிறருக்குக் கேட்காத குரல்கள் தமக்குக் கேட்பதாகச் சொல்லி அச்சத்தில் நடுங்கினாலோ, யாரை அழைப்பது என்று பெரும்பாலான குடும்பங்களுக்குத் தெரிவதில்லை. சிலர் அதட்டுகின்றனர், சிலர் கெஞ்சுகின்றனர். காவல் நிலையத்துக்குச் செல்வதா, வழிபாட்டுத் தலத்துக்கு அழைத்துச் செல்வதா, விடியும்வரை காத்திருப்பதா என்ற விவாதத்திலேயே முக்கியமான நேரம் கழிந்துவிடுகிறது.

இத்தகைய தருணத்தில், அதே துன்பத்தைத் தாமும் அனுபவித்து மீண்ட ஒருவரை, உரிய பயிற்சியுடன் துணைக்கு அனுப்பும் முறை பல நாடுகளில் நடைமுறையில் உள்ளது. இதுவே சக ஆதரவுப் பணி எனப்படுகிறது. இந்தியாவிலும் இதற்கான முயற்சிகள் தொடங்கியுள்ளன. இப்பணி எவ்வாறு நடைபெறுகிறது, இதன் பயன் என்ன, வரம்பு என்ன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தேவை எவ்வளவு?

பெங்களூருவில் உள்ள தேசிய மனநலம் மற்றும் நரம்பியல் அறிவியல் நிறுவனமான நிம்ஹான்ஸ், 12 மாநிலங்களில் 2015-16ஆம் ஆண்டில் தேசிய மனநலக் கணக்கெடுப்பை நடத்தியது. வயது வந்தோரில் 10.6 சதவீதத்தினருக்கு ஏதேனும் ஒரு மனநலப் பாதிப்பு இருப்பது அதில் தெரியவந்தது. பாதிப்பின் வகையைப் பொறுத்து, சிகிச்சை பெறாதோரின் விகிதம் 70 முதல் 92 சதவீதம் வரை இருந்தது. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைப்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் நாட்டில் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டனர்.

மனநல மருத்துவர்களின் எண்ணிக்கையோ ஒரு லட்சம் பேருக்கு ஒருவர் என்ற அளவைக்கூட எட்டவில்லை. அவர்களிலும் பெரும்பாலோர் நகரங்களில் பணியாற்றுகின்றனர். எனவே, ஒரு கிராமத்தில் நெருக்கடி ஏற்படும்போது முதலில் வந்து சேர்பவர் மருத்துவராக இருப்பது அரிது.

சக ஆதரவாளர் என்பவர் யார்?

மனச்சோர்வு, மனச்சிதைவு, தற்கொலை எண்ணம், போதைப் பழக்கம் போன்றவற்றைத் தம் வாழ்வில் எதிர்கொண்டு, ஓரளவு நிலைபெற்று, அந்த அனுபவத்தைப் பிறருக்கு உதவப் பயன்படுத்துபவரே சக ஆதரவாளர். மருத்துவர் நோயைப் படித்து அறிந்தவர் என்றால், இவர் அதனோடு வாழ்ந்து அறிந்தவர்.

இந்தக் கருத்து புதியதன்று. குடிப்பழக்கத்திலிருந்து விடுபட்டவர்கள் பிறரை மீட்பதற்காக 1935இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ அமைப்பு இதே அடிப்படையில் அமைந்தது. அந்நாட்டின் ஜார்ஜியா மாநிலம் 1999இல், வறியோருக்கான அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் சக ஆதரவுக்குக் கட்டணம் வழங்க வழிசெய்தது. அதன்பின் இது ஊதியம் பெறும் தொழிலாக அங்கு வளர்ந்தது.

நெருக்கடியின்போது அவர் செய்வது என்ன?

முதலாவதாக, அவர் அவசரப்படுவதில்லை. பாதிக்கப்பட்டவரின் அருகே, அவர் அனுமதிக்கும் தூரத்தில் அமர்ந்து கேட்கிறார். கேட்கும் குரல்கள் பொய் என்று வாதிடுவதும் இல்லை; உண்மை என்று ஆமோதிப்பதும் இல்லை. அந்தக் குரல்கள் தரும் அச்சத்தைப் பற்றியே பேசுகிறார். “எனக்கும் இப்படி ஒரு காலம் இருந்தது” என்று அவரால் சொல்ல முடிகிறது. அறிவுரை நுழையாத இடத்தில் அந்த ஒரு வாக்கியம் நுழைந்துவிடுகிறது.

இரண்டாவதாக, தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்கிறார். அவ்வாறு கேட்பது இல்லாத எண்ணத்தை விதைத்துவிடும் என்ற அச்சம் பரவலாக உள்ளது. ஆய்வுகள் இந்த அச்சத்தை உறுதிப்படுத்தவில்லை. மாறாக, கேட்கப்பட்டவர்கள் பேசத் தொடங்குவதே வழக்கம். அபாயம் இருப்பது தெரிந்தால், வீட்டிலுள்ள பூச்சிக்கொல்லி, மாத்திரை போன்றவற்றைப் பாதுகாப்பாக அகற்றுமாறு குடும்பத்தினரிடம் கூறுகிறார். பாதிக்கப்பட்டவரைத் தனியே விடாமல் பார்த்துக்கொள்ளவும் உதவுகிறார்.

மூன்றாவதாக, மருத்துவமனைக்கு உடன் செல்கிறார். வரிசையில் நிற்பது, மருத்துவரிடம் எதைச் சொல்வது, எந்த ஆவணம் தேவை என்பன போன்றவற்றில் துணை நிற்கிறார்.

அவர் செய்யக் கூடாதவையும் தெளிவாக வரையறுக்கப்பட்டுள்ளன. நோயைக் கண்டறிந்து பெயர் சொல்வதோ, மருந்தின் அளவை மாற்றச் சொல்வதோ, கட்டாயப்படுத்திப் பிடித்து வைப்பதோ அவரது பணியன்று. உயிருக்கு ஆபத்து இருக்கும் நிலையில், அதை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவர் வாக்குறுதி அளிக்கவும் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, நெருக்கடியில் உள்ளவருக்குப் பல பாதுகாப்புகளை வழங்குகிறது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும், அவர்மீது வழக்குத் தொடரக் கூடாது என்று 115ஆவது பிரிவு கூறுகிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்றும் அப்பிரிவு வலியுறுத்துகிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இடம்பெறவில்லை. அரசு ஊழியரின் கடமையைத் தடுக்கும் நோக்கில் செய்யப்படும் முயற்சி மட்டுமே அதில் குற்றமாகும். ஆயினும், மருத்துவமனைக்குச் சென்றால் காவல் துறை வழக்குப் பதியும் என்ற அச்சத்தில் குடும்பங்கள் தயங்குவது இன்னும் நின்றபாடில்லை.

மனநலப் பாதிப்புடன் ஆதரவின்றித் திரிபவரைப் பாதுகாத்து, 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டியது காவல் துறையின் கடமை. அவரைக் காவல் நிலைய லாக்கப்பிலோ சிறையிலோ அடைக்கக் கூடாது. எவரையும் சங்கிலியால் பிணைப்பதையும் இச்சட்டம் தடைசெய்துள்ளது. தமிழகத்தின் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் உயிரிழந்த துயரம் நாட்டையே உலுக்கியது இங்கு நினைவுகூரத்தக்கது.

எதிர்காலத்தில் நெருக்கடி நேர்ந்தால் தமக்கு எத்தகைய சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதை ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கவும், தம் சார்பில் முடிவெடுக்க ஒருவரை நியமிக்கவும் சட்டம் உரிமை அளிக்கிறது. தெளிவான மனநிலையில் இருக்கும்போது இதை எழுதிவைக்கத் துணைபுரிவது சக ஆதரவாளர் செய்யக்கூடிய பயனுள்ள பணிகளுள் ஒன்று. மேலும், மனநலப் பாதிப்பை அனுபவித்தோரின் பிரதிநிதிகளுக்கு மத்திய, மாநில மனநல ஆணையங்களிலும் இடம் தரப்பட்டுள்ளது. அனுபவமும் ஓர் அறிவே என்பதைச் சட்டம் ஏற்றுக்கொண்டிருப்பதாகவே இதைக் கருதலாம்.

இந்தியாவில் நடைபெறும் முயற்சிகள்

குஜராத் மாநிலம் மேசானா மாவட்டத்தில் செயல்படும் ‘ஆத்மீயதா’ திட்டம் இவற்றுள் குறிப்பிடத்தக்கது. புணேயில் உள்ள இந்தியன் லா சொசைட்டியின் மனநலச் சட்டம் மற்றும் கொள்கை மையம் இதை உருவாக்கியது. கிராமத்தைச் சேர்ந்த தன்னார்வலர்கள் இரு நிலைகளில் பணியாற்றுகின்றனர். ‘மித்ரா’ எனப்படுவோர் துன்பத்தில் உள்ளவரை அடையாளம் காண்கின்றனர். ‘சாம்பியன்’ எனப்படுவோர் சில அமர்வுகளாக ஆலோசனை வழங்குகின்றனர்; அரசு நலத்திட்டங்களைப் பெற்றுத்தர உதவுகின்றனர்; பாதிப்பு கடுமையாக இருந்தால் மருத்துவமனைக்கு அனுப்புகின்றனர். இவர்கள் அனைவரும் மனநலப் பாதிப்பை அனுபவித்தவர்கள் என்று சொல்ல முடியாது. ஆயினும், அதே ஊரின் அதே வாழ்க்கையைப் பகிர்ந்துகொள்பவர்கள் என்பதே இவர்களின் பலம்.

கொல்கத்தாவில் ‘ஈஸ்வர் சங்கல்ப்’ அமைப்பின் ‘நயா தவுர்’ திட்டம், தெருவில் வாழும் மனநலம் பாதிக்கப்பட்டோரை அவர்கள் இருக்கும் இடத்திலேயே, அப்பகுதி மக்களின் உதவியுடன் பராமரிக்கிறது. சென்னையில் ‘தி பான்யன்’ அமைப்பின் ‘ஹோம் அகெய்ன்’ திட்டம், மருத்துவமனைகளில் நெடுங்காலம் தங்கியவர்களை ஊருக்குள் வாடகை வீடுகளில் சிறு குழுக்களாகக் குடியமர்த்துகிறது. உலக சுகாதார அமைப்பு 2021இல் வெளியிட்ட சமூக மனநலச் சேவை வழிகாட்டியில் இம்மூன்று திட்டங்களும் முன்மாதிரிகளாக இடம்பெற்றுள்ளன.

ஆய்வுகள் காட்டுவது என்ன?

சக ஆதரவு, பெறுபவரின் நம்பிக்கையையும் தன்னாற்றலையும் உயர்த்துகிறது என்பதை வெவ்வேறு ஆய்வுகள் காட்டுகின்றன. நோயின் அறிகுறிகள் குறைகின்றனவா என்பதில் முடிவுகள் ஒரே மாதிரியாக இல்லை.

நெருக்கடிக்குப் பிந்தைய காலம் குறித்து இங்கிலாந்தில் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு கவனத்துக்குரியது. அங்கு, நெருக்கடியில் உள்ளவரின் வீட்டுக்கே சென்று சிகிச்சை அளிக்கும் குழுக்கள் இயங்குகின்றன. அக்குழுக்களின் பராமரிப்பு முடிந்த 441 பேர் ஆய்வில் பங்கேற்றனர். ஒரு பிரிவினருக்கு, மீட்சித் திட்டத்தை எழுதிக்கொள்ளும் கையேட்டுடன் சக ஆதரவாளர் 10 அமர்வுகள் வரை துணை நின்றார். மற்றொரு பிரிவினருக்குக் கையேடு அஞ்சலில் மட்டும் அனுப்பப்பட்டது. ஓராண்டுக்குள் மீண்டும் தீவிர சிகிச்சை தேவைப்பட்டோர் முதல் பிரிவில் 29 சதவீதமாகவும், இரண்டாம் பிரிவில் 38 சதவீதமாகவும் இருந்தனர். இதன் முடிவுகள் 2018இல் ‘லான்செட்’ இதழில் வெளியாயின.

கையேடு இருவருக்கும் ஒன்றே. உடன் அமர்ந்தவர் இருந்தாரா, இல்லையா என்பதே வேறுபாடு. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முதல் சில வாரங்களில் தற்கொலை அபாயம் மிகுதி என்பதும் பல நாடுகளில் உறுதிசெய்யப்பட்டுள்ளது. நெருக்கடி என்பது ஓர் இரவோடு முடிவதில்லை. ஆட்கள் கலைந்து சென்றபின் வரும் அந்த வாரங்களிலேயே சக ஆதரவாளரின் தேவை மிகுதியாகிறது.

எஞ்சியுள்ள சிக்கல்கள்

மத்திய அரசின் மாவட்ட மனநலத் திட்டக் குழுவில் மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர் ஆகியோருக்குப் பணியிடங்கள் உண்டு. சக ஆதரவாளருக்கென்று அவற்றில் பணியிடம் இல்லை. ஆகவே, இப்பணி பெரும்பாலும் தொண்டு நிறுவனங்களின் நிதியையும் தன்னார்வலர்களின் நல்லெண்ணத்தையும் நம்பியே நடைபெறுகிறது. நிதி நின்றால் பணியும் நின்றுவிடும்.

மருத்துவர் பற்றாக்குறைக்குச் செலவு குறைந்த மாற்றாக இவர்களைப் பயன்படுத்தும் அபாயமும் உண்டு. பிறரின் துயரத்தைத் தொடர்ந்து கேட்பது, தம் பழைய காயங்களைக் கிளறக்கூடும். எனவே ஊதியம், முறையான பயிற்சி, மூத்த வல்லுநரின் மேற்பார்வை, தேவைப்படும்போது ஓய்வு ஆகிய நான்கும் இல்லாமல் ஒருவரை இப்பணியில் இறக்குவது அவருக்கும் தீங்கு, உதவி நாடுபவருக்கும் தீங்கு. கடும் நெருக்கடியில் உடனே மருத்துவரிடம் சேர்க்க வழியில்லாத இடத்தில், சக ஆதரவாளர் மட்டும் எல்லாவற்றையும் தாங்க இயலாது.

தற்கொலைகளால் ஏற்படும் உயிரிழப்பை 2030க்குள் 10 சதவீதம் குறைப்பது என்று 2022 நவம்பரில் வெளியான தேசிய தற்கொலைத் தடுப்பு உத்தி இலக்கு நிர்ணயித்துள்ளது. சட்டம் உள்ளது, மாவட்டத் திட்டம் உள்ளது, தொலைபேசி உதவி எண்ணும் உள்ளது. இவற்றுக்கும் பாதிக்கப்பட்டவரின் வீட்டுக்கும் இடையே நடந்து செல்லும் மனிதருக்கு ஒரு பதவியும் ஊதியமும் தருவதே அடுத்த படி.

(மன உளைச்சலோ தற்கொலை எண்ணமோ ஏற்பட்டால், மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் 24 மணி நேரமும் தமிழிலேயே தொடர்புகொள்ளலாம். உயிருக்கு உடனடி ஆபத்து இருப்பின் 112 எண்ணை அழைக்கவும்.)