அகக் குரலில் ஒரு புறப்பாட்டு
(மார்வின் கேயும் 1971ஆம் ஆண்டின் இசைத்தட்டும்)

மாந்தர் வாழ்வை அகம், புறம் என இரண்டாகப் பகுத்துக் கண்டது தமிழ்ச் செய்யுள் மரபு. காதலும் பிரிவும் அகத்தின்பாற்படும். போரும் அரசும் சமூகமும் புறத்தின்பாற்படும். இப்பகுப்பு நம் இலக்கியத்திற்கே உரியதாயினும், பிற நாட்டுக் கலைகளை நோக்குதற்கும் ஓர் அளவுகோலாகப் பயன்படும். அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் மார்வின் கே 1971இல் வெளியிட்ட 'வாட்ஸ் கோயிங் ஆன்' என்னும் இசைத்தட்டு அதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும். 'என்ன நடந்துகொண்டிருக்கிறது?' என்பது அத்தலைப்பின் பொருள்.

சோல் இசை என்பது யாது?

'சோல்' என்னும் சொல்லுக்கு ஆன்மா என்பது பொருள். கறுப்பின மக்களின் தேவாலயங்களில் பாடப்பெற்ற காஸ்பெல் என்னும் வழிபாட்டுப் பாடலும், 'ரிதம் அண்ட் புளூஸ்' என்னும் உலகியல் இசையும் 1950களில் ஒன்றுகலந்தபோது பிறந்தது இவ்விசை. இறைவனை நோக்கி உருகிய அதே குரல் காதலரை நோக்கி உருகியது. எனவே, அகமே இதன் முதன்மைப் பொருளாயிற்று எனலாம்.

மார்வின் கே 1939 ஏப்ரல் 2ஆம் நாள் வாஷிங்டன் நகரில் பிறந்தார். தந்தை ஒரு சிறிய கிறித்தவப் பிரிவின் போதகர், கண்டிப்பு மிக்கவர். மகன் இசை பயின்றது தேவாலயத்திலேயாகும்.

தொழிற்சாலையும் பாட்டும்

டெட்ராய்ட் நகரம் மோட்டார் வாகனத் தொழிலுக்குப் பெயர்பெற்றது. அங்கு வாகனத் தொழிற்சாலையொன்றில் பணியாற்றிய பெர்ரி கார்டி என்பார், தம் குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் பெற்று 1959இல் தொடங்கிய நிறுவனமே பின்னர் மோட்டவுன் எனப் புகழ்பெற்றது. உறுப்புகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பெற்று வாகனம் வெளிவரும் முறையையே அவர் இசைக்கும் கைக்கொண்டார். பாட்டெழுதுவோர் ஒருவர், பாடுவோர் ஒருவர், இசைப்போர் வேறொரு குழுவினர். எது வெளிவர வேண்டும் என்பதை முடிவுசெய்ய வாரந்தோறும் ஒரு கூட்டம். கறுப்பினக் கலைஞர்களை அமெரிக்க மக்கள் அனைவரிடமும் கொண்டுசேர்த்த பெருமை இம்முறைக்கு உண்டு. எனினும், எதைப் பாடுவது என்னும் உரிமை பாடுவோரிடம் இல்லை.

அந்நிறுவனத்தில் முரசறையும் கலைஞராகத் தொடங்கிய மார்வின் கே, 1962 முதல் காதற்பாடல்களால் புகழடைந்தார். 1968இல் வெளிவந்த ஒரு பாடல் ஏழு வாரங்கள் விற்பனைப் பட்டியலில் முதலிடம் வகித்தது. ஆயினும் அவர் உள்ளம் அமைதியுறவில்லை. அவருடன் இணைந்து பாடிய டாமி டெரல் 1967இல் மேடையிலேயே மயங்கிச் சரிந்தார். மூளைக் கட்டியால் 1970 மார்ச்சில் தம் 24ஆம் வயதில் மறைந்தார். தம்பி ஃபிராங்கியோ வியட்நாம் போர்க்களத்தின் கொடுமைகளைக் கண்டு திரும்பியிருந்தார். நாடு எரிந்துகொண்டிருக்கையில் காதற்பாட்டு மட்டும் பாடிக்கொண்டிருத்தல் தகுமோ என்னும் வினா அவரை வருத்தியது.

மறுப்பும் உறுதியும்

1969 மே மாதம் பெர்க்லி நகரில், பூங்கா ஒன்றின் பொருட்டுத் திரண்ட இளைஞர்களைக் காவலர் தாக்கியதை 'ஃபோர் டாப்ஸ்' குழுவின் ரெனால்டோ பென்சன் நேரிற் கண்டார். அக்காட்சியிலிருந்து அவர் உருவாக்கத் தொடங்கிய பாட்டை அவருடைய குழுவினரே ஏற்கவில்லை. மார்வின் கே அதனைப் பெற்றுச் சொல்லிலும் மெட்டிலும் தம் பங்கைச் சேர்த்து, 1970 ஜூனில் பதிவுசெய்தார். இது விலைபோகாது என்று கார்டி வெளியிட மறுத்தார். இது வெளிவரும்வரை வேறெதுவும் பாடேன் என்றார் மார்வின் கே. 1971 ஜனவரியில் பாட்டு வெளிவந்தது. கறுப்பின இசைப் பட்டியலில் முதலிடமும் பொதுப் பட்டியலில் இரண்டாமிடமும் பெற்றது. நிறுவனம் முழு இசைத்தட்டையே கேட்டது. எஞ்சிய பாடல்கள் மார்ச்சு மாதத்திலேயே பதிவாயின. மே மாதம் இசைத்தட்டு வெளிவந்தது.

இசைத்தட்டின் அமைப்பு

இதன்கண் உள்ளவை ஒன்பது பாடல்கள். மொத்தம் ஏறத்தாழ 35 நிமிடங்கள். பாடல்கள் இடைவெளியின்றி ஒன்றிலிருந்து ஒன்றாகத் தொடர்வன. முதற்பாட்டின் இசை இறுதியில் மீண்டும் ஒலிக்கும். போரிலிருந்து ஊர் திரும்பும் வீரன் ஒருவன் தான் காண்பவற்றைச் சொல்வதாக அமைந்தது இது. வேலையின்மை, போதைப் பழக்கம், குழந்தைகளின் எதிர்காலம், நஞ்சாகிய நீரும் காற்றும், ஏழைமேல் ஏறும் வரிச்சுமை ஆகியன பொருள்களாகும்.

பொருள் அனைத்தும் புறம், குரலோ அகம். அவன் முழங்கவில்லை, தாயையும் உடன்பிறந்தாரையும் தந்தையையும் விளித்து இரங்கிப் பேசுகிறான். அகப்பாடலில் தலைமக்கள் பெயர் சுட்டப்பெறுதல் கூடாது என்பது தொல்காப்பிய விதி. இவ்வீரனுக்கும் பெயரில்லை, ஆதலின் எவ்வீட்டு மகனாகவும் அவன் தோன்றுகிறான்.

ஒரு குரலுக்கு மேல் அதே குரல் மற்றொன்றாய்ப் படிந்து ஒலிப்பது இவ்விசைத்தட்டின் தனிச்சிறப்பு. தனித்தனியே பாடிய இரு பதிவுகளைப் பதிவுப் பொறியாளர் தற்செயலாக ஒருசேர ஒலிக்கச் செய்ய, அதன் அழகுணர்ந்த மார்வின் கே அதனையே உத்தியாகக் கொண்டார். ஒருவன் தன்னொடு தானே உரையாடுவதுபோன்ற தோற்றம் இதனால் விளைந்தது.

மற்றொன்றும் குறிப்பிடத்தக்கது. எத்தனையோ வெற்றிப் பாடல்களுக்கு இசைத்தும் பெயரறியப்படாதிருந்த 'ஃபங்க் பிரதர்ஸ்' கலைஞர்களின் பெயர்கள் இதன் உறையில் அச்சிடப்பெற்றன. உழைத்தோர் பெயரை உலகறியச் செய்தலும் அறமேயன்றோ!

விளைவும் முடிவும்

தட்டிலிருந்து தனியே வெளிவந்த மூன்று பாடல்களும் பொதுப் பட்டியலின் முதற்பத்தில் இடம்பெற்றன. மக்கள் துயரைப் பாடினால் விலைபோகாது என்னும் கூற்று பொய்யாயிற்று. அதே நிறுவனத்தின் ஸ்டீவி வொண்டர் அதே ஆண்டில் 21 வயது நிரம்பியதும் தம் படைப்புரிமையைக் கேட்டுப் பெற்றார். 2003இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இவ்விசைத்தட்டைப் பாதுகாக்கத்தக்க ஒலிப்பதிவுகளுள் ஒன்றாகச் சேர்த்தது. 2020இல் 'ரோலிங் ஸ்டோன்' இதழ் வெளியிட்ட 500 சிறந்த இசைத்தட்டுகளின் பட்டியலில் இதுவே முதலாவது.

கலைஞரின் வாழ்வோ அமைதியில் முடியவில்லை. மணமுறிவு, கடன், போதைப் பழக்கம் எனத் தொடர்ந்த துன்பங்களுக்கிடையே 1982இல் மீண்டும் ஒரு பெருவெற்றி கண்டார். 1984 ஏப்ரல் 1ஆம் நாள், தம் 45ஆம் பிறந்தநாளுக்கு முந்தைய நாள், லாஸ் ஏஞ்சல்ஸ் இல்லத்தில் நேர்ந்த பூசலில் தந்தையே அவரைச் சுட்டுக் கொன்றார். சினத்தைச் சினத்தால் பெருக்க வேண்டா எனத் தந்தையை விளித்துப் பாடிய குரல், தந்தையின் சினத்தாலேயே அடங்கியது.

அவர் விடுத்த வினாவோ அடங்கவில்லை. அதற்கு விடை கூறும் கடமை பாடினோனுக்கு மட்டும் உரியதன்று, கேட்டோர்க்கும் உரியது.