30 ஆம்பியர் வீடு

கரண்ட் போனதும் எல்லோரும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள். மின்வாரியத்தில் 34 வருஷம் இருந்து லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவனுக்கு இது புதிதல்ல. ஈரோட்டில் ஃபீடர் டிரிப் ஆனாலும் எங்கள் வீட்டு வாசலில் நாலு பேர் வந்து நிற்பார்கள். ஆனால் இப்போது கரண்ட் போனது அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், கிளேசியர் தேசியப் பூங்காவுக்கு வெளியே, ஒரு வண்டிக்குள்.

காரணம் கண்டுபிடிக்க ஒரு நிமிஷம் ஆகவில்லை. மகள் மைக்ரோவேவில் பால் வைத்திருந்தாள். என் வீட்டுக்காரி எலெக்ட்ரிக் கெட்டிலில் வெந்நீர் போட்டிருந்தாள். ஜூலை மாதம்தான் என்றாலும் விடியற்காலைக் குளிருக்கு மாப்பிள்ளை ரூம் ஹீட்டரைத் தட்டியிருந்தார். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1,500 வாட். மூன்றும் சேர்ந்தால் 4,500. அங்கே கொடுப்பதோ 30 ஆம்பியர், அமெரிக்க வோல்டேஜ் 120. பெருக்கினால் 3,600 வாட்தான். நம் ஊரில் ஏசிக்கென்று போடுகிறோமே 16 ஆம்பியர் பவர் பிளக், அந்த ஒற்றைப் பிளக்கில் கிடைப்பதும் அவ்வளவுதான். அதற்குள் ஐந்து பேர் குடும்பம் நடக்க வேண்டும். பிரேக்கரைத் தூக்கிவிட்டு, “ஒவ்வொண்ணாப் போடுங்க கண்ணு” என்றேன். மூன்று நாளும் அதுவே வீட்டுச் சட்டம்.

இந்த வண்டியை அங்கே ஆர்.வி. என்கிறார்கள். சினிமா ஷூட்டிங்கில் நடிகர்கள் உட்கார்ந்திருக்கும் கேரவன் என்றால் நமக்குப் புரியும். அமெரிக்காவில் சாதாரணக் குடும்பங்களும் இதை வாடகைக்கு எடுத்து ஊர் சுற்றுகின்றன. எங்களுடையது 25 அடி நீளம். டிரைவர் தலைக்கு மேலே பரண் மாதிரி ஒரு படுக்கை, அது பேரனுக்கு. நடுவில் சமையல், பின்னால் கட்டில், நின்றால் தோள் இடிக்கும் ஒரு குளியலறை. சியாட்டிலில் எடுத்து, வழியில் ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் சாயங்காலம் வந்து சேர்ந்தோம்.

பூங்காவுக்குள்ளேயே முகாம்கள் இருக்கின்றன. அங்கே மின் இணைப்பு கிடையாது, வண்டியின் பேட்டரிதான். பேட்டரி 12 வோல்ட்; விளக்கும் தண்ணீர் மோட்டாரும் அதில் ஓடும், மைக்ரோவேவ் ஓடாது. அதனால் மகள் வெளியே 2-ஆம் எண் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒன்றைப் பிடித்திருந்தாள். நீச்சல் குளம், விளையாட்டுக் கூடமெல்லாம் உள்ள பெரிய இடங்களும் உண்டு. இது அந்த ரகமல்ல. ஜல்லி கொட்டிய திடல், ஒரு மர மேஜை, நெருப்பு மூட்ட ஓர் இரும்பு வளையம், மின்சாரம், தண்ணீர். வண்டிக்குள் குளித்தால் தொட்டி நிரம்பிவிடும் என்பதால் பொதுக் குளியலறை. அங்கே 25 சென்ட் காசு போட்டால்தான் தண்ணீர் வரும். தலைக்குச் சீயக்காய் தேய்த்த நேரம் பார்த்து நின்றுவிட்டது என்று என் வீட்டுக்காரி இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

வந்ததும் முதல் வேலை மட்டம் பார்ப்பது. சாய்ந்து நின்றால் படுக்கையில் உருள்வோம். கேஸில் ஓடும் ஃபிரிட்ஜும் சரியாகக் குளிராது. கொத்தனார் வைப்பது போல ரசமட்டம் வைத்துப் பார்த்து, தாழ்ந்த பக்கத்துச் சக்கரத்தின் கீழே பிளாஸ்டிக் கட்டைகளை அடுக்கி ஏற்றினோம். பிறகு கம்பத்துப் பெட்டியைத் திறந்து, பிரேக்கரை ஆஃப் செய்து, விரல் தடிமன் கேபிளை மாட்டி, பிரேக்கரை ஆன் செய்ய வேண்டும். பக்கத்து வண்டிக்காரர் பிரேக்கரை ஆஃப் செய்யாமலே சொருகினார். எனக்குக் கை பரபரத்தது, பேசாமல் இருந்தேன். தண்ணீருக்குக் குடிநீருக்கென்றே உள்ள தனி வெள்ளைக் குழாய். அதன் வாயில் அழுத்தத்தைக் குறைக்க ஒரு பித்தளைத் துண்டு. அது இல்லாவிட்டால் வண்டிக்குள் இருக்கும் மெல்லிய பைப்புகள் பிய்த்துக்கொள்ளும்.

ராத்திரி 10 மணிக்கு மேல் சத்தம் போடக் கூடாது என்று பலகை இருந்தது. ரயிலுக்கு அந்தப் பலகை தெரியாது. மைல் நீளச் சரக்கு ரயில்கள் ஊதிக்கொண்டே போயின. குறை சொல்ல நியாயமில்லை. பூங்காவுக்கு முன்பே வந்தது தண்டவாளம். 1910-ல் இந்தப் பூங்கா உருவானதில் கிரேட் நார்தர்ன் ரயில் கம்பெனிக்கும் பெரிய பங்கு உண்டு. பயணிகளுக்கு ஓட்டல்களையும் அதுவே கட்டியது. ஈரோடு ஜங்ஷன் பக்கம் வளர்ந்த எனக்கு மட்டும் நல்ல தூக்கம்.

இரண்டாம் நாள் ஒரு தப்பு நடந்தது. வீட்டுக்காரி அரிசி களைந்த தண்ணீரை, நம் வீட்டு முருங்கைக்கு ஊற்றுகிற நினைப்பில், ஒரு பைன் மரத்தடியில் ஊற்றினாள். முகாமைப் பார்த்துக்கொள்ளும் வயதான அம்மாள் எங்கிருந்தோ வந்துவிட்டார். இவர்களைப் போன்றவர்கள் கோடை முழுக்கச் சொந்த வண்டியிலேயே அங்கே தங்கி, இடத்துக்கு வாடகையாக வேலை செய்து கொடுக்கிறார்கள். கோபப்படவில்லை. அரிசியோ சாம்பாரோ பற்பசையோ, வாசனை உள்ள எதுவும் வெளியே இருக்கக் கூடாது என்றார். மனிதச் சாப்பாட்டுக்குப் பழகிய கரடி திரும்பத் திரும்ப வரும். கடைசியில் அதைச் சுட்டுவிடுவார்கள் என்றார்.

அது சும்மா மிரட்டலில்லை. இந்தப் பூங்காவில் ஒரு காலத்தில் மலை விடுதிக்குப் பின்னால் கொட்டும் எச்சில் சோற்றுக்கு கிரிஸ்லி கரடிகள் வரும். அதை ராத்திரிக் காட்சியாக ஜனங்கள் பார்ப்பார்கள். 1967 ஆகஸ்ட் 13-ஆம் தேதி, ஒரே இரவில், சில மைல் தள்ளியிருந்த இரண்டு இடங்களில் இரண்டு கரடிகள் வெளியே படுத்திருந்த இரண்டு பெண்களைக் கொன்றன. இருவருக்கும் 19 வயது. பூங்கா வந்து 57 வருஷத்தில் கரடியால் யாரும் செத்ததில்லை. அதுதான் முதல் தடவை. குப்பைச் சட்டங்கள் இறுகியது அதன் பிறகுதான். இதைக் கேட்ட பிறகு எங்கள் வீட்டில் கரண்டி கழுவிய தண்ணீர்கூட வாளியில் சேர்ந்தது.

பூங்காவைப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தோம். 1933-ல் திறந்த ‘கோயிங் டு தி சன்’ மலைப்பாதையின் நடுப்பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமான வண்டிக்கு அனுமதி இல்லை. பாறையைக் குடைந்த வளைவுகளில் திரும்பாது. எங்கள் வீட்டை நிறுத்திவிட்டுப் பூங்காவின் பேருந்தில் ஏறினோம். உச்சியான லோகன் கணவாய் 2,026 மீட்டர், ஊட்டியைவிடத் தாழ்வு. ஆனாலும் ஜூலையில் பனி கிடந்தது. அத்தனை வடக்கே இருக்கிறது. பனியில் வெள்ளை மலையாடு ஒன்று நின்று எங்களை ஏற இறங்கப் பார்த்தது. 1850 வாக்கில் இங்கே ஏறத்தாழ 150 பனியாறுகள். 2015-ல் எடுத்த கணக்கில் 26. பேரன், “அப்புச்சி, நான் பெரியவனா ஆனா எத்தனை இருக்கும்?” என்றான். கணக்கு வராது என்று சொல்லிவிட்டேன்.

கடைசி நாள் காலை கழிவுத் தொட்டி. வண்டியின் அடியில் இரண்டு தொட்டிகள்: குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீருக்கு ஒன்று, கக்கூசுக்கு ஒன்று. கை தடிமன் குழாயை வண்டியிலிருந்து தரையில் உள்ள துவாரத்துக்குப் பொருத்தி, முதலில் கக்கூஸ் வால்வைத் திறக்க வேண்டும். பிறகு குளித்த தண்ணீர். அது குழாயை அலசிவிடும். வரிசையை மாற்றினால் நாற்றம் உங்களோடு ஊருக்கு வரும். மாப்பிள்ளை கையுறையைப் பிடித்துக்கொண்டு தயங்கி நின்றார். “விடுங்க மாப்பிள்ளை” என்று நான் குனிந்தேன். எனக்கு முன்னால், பஸ் அளவு பளபளக்கும் வண்டியின் சொந்தக்காரர் முட்டி போட்டு அதே வேலையைச் செய்துகொண்டிருந்தார். எடுபிடி ஆள் யாரும் இல்லை, கூப்பிடவும் வழியில்லை. நம் ஊரில் இதை யார் தலையில் கட்டிவைத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே வால்வை மூடினேன்.

கிளம்புவதற்கு முன் கேபிளைக் கழற்றும்போதுதான் அடுத்த வண்டி வந்து காத்து நின்றது. ஜன்னலை இறக்கி ஒரு தாத்தா, கரண்ட் நன்றாக வருகிறதா என்று கேட்டார்.

“வெரி குட் சப்ளை” என்றேன். “பட் கெட்டில், மைக்ரோவேவ், ஒன் பை ஒன்.”