வெளிச்சுவர் வெடிப்புகள்: பூசுவதற்கு முன்னர் கவனிக்க வேண்டியவை

பல வருடங்கள் கூரையின்றி மழையிலும் வெயிலிலும் நின்ற வீட்டின் வெளிச்சுவர்களில் வெடிப்புகள் காணப்படுவது வழமை. எல்லா வெடிப்புகளும் ஆபத்தானவை அல்ல. ஆனால் காரணத்தைப் பார்க்காமல் மேலே சீமெந்து பூசினால், அடுத்த மாரியில் அதே இடம் மீண்டும் வெடிக்கும். வீட்டுக்கென வைத்திருந்த பணம் வீணாகும். சில வேளைகளில், விழக்கூடிய சுவரை அந்தப் பூச்சு மறைத்தும் விடும்.

முதலில் பாதுகாப்பு

உங்கள் வளவில் கண்ணிவெடி அகற்றப்பட்டது உறுதியான பின்னரே வேலையைத் தொடங்குங்கள். இடிபாடுகளுக்குள் சந்தேகமான பொருள் தென்பட்டால் தொடாமல், வந்த வழியே திரும்பிச் சென்று கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள். சாய்ந்த சுவருக்கு அருகில் பிள்ளைகளை விளையாட விடாதீர்கள்.

எந்த வகை வெடிப்பு?

1. மயிர் போன்ற மெல்லிய வெடிப்புகள்: பூச்சு விரைவாகக் காய்ந்ததால் ஏற்பட்டவை. சுவரின் பலத்தைப் பாதிக்காது.

2. தட்டும்போது வெறுமையான சத்தம் வரும் இடம்: பூச்சு கல்லை விட்டுக் கழன்றுள்ளது. அந்தப் பகுதியை உடைத்து அகற்ற வேண்டும்.

3. கற்களின் இணைப்பு வழியே படிபடியாக ஏறும் வெடிப்பு, அல்லது யன்னல் மூலையிலிருந்து சரிவாகச் செல்லும் அகன்ற வெடிப்பு: அத்திவாரம் இறங்கியிருக்கலாம். முருங்கன் பக்கம் உள்ளது போன்ற களிமண் நிலம் மாரியில் ஊதி, கோடையில் சுருங்குவதால் இது ஏற்படும்.

4. தூண், லின்ரல் வழியே துருக்கறையுடன் உள்ள வெடிப்பு: உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதியுள்ளது.

மூன்றாம், நான்காம் வகைகளையும், எறிகணை பட்ட சுவர்களையும் தொழில்நுட்ப உத்தியோகத்தர் பார்க்கும் வரை பூச வேண்டாம்.

வெடிப்பு இன்னும் வளர்கின்றதா என்பதை நீங்களே அறியலாம். அதன் இரு நுனிகளிலும் பென்சிலால் கோடிட்டுத் திகதியை எழுதுங்கள். ஒரு மாதத்தின் பின் கோட்டைத் தாண்டியிருந்தால் சுவர் இன்னும் அசைகிறது. அவரிடம் அதைக் காட்டுங்கள்.

திருத்தும் முறை

மெல்லிய வெடிப்புகளைத் தூசு போகத் துடைத்து, நனைத்து, சீமெந்துப் பாலைத் தூரிகையால் தேய்த்தால் போதும். அசையாத அகன்ற வெடிப்பை உளியால் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் அகலத்துக்கு வெட்டி, தூசை அகற்றி, நன்றாக நனைத்து, சாந்தை அழுத்தி நிரப்புங்கள். சுவரில் முளைத்த ஆல், அரசு போன்றவற்றை வேருடன் எடுத்த பின்னரே நிரப்ப வேண்டும். பழைய கற்சுவரும் புதிய கொங்கிறீற் தூணும் சேரும் இடத்தில், இரு பக்கமும் ஆறு அங்குலம் படியுமாறு கோழிவலையை அடித்துப் பூசுங்கள்.

மீண்டும் வெடிக்காமல் இருக்க

வெளிப்பூச்சுக்கு ஒரு பங்கு சீமெந்துக்கு ஐந்து பங்கு மணல் பொருத்தமானது. சீமெந்தைக் கூட்டினால் பலம் கூடும் என்று பலர் நினைக்கின்றனர். உண்மையில் சீமெந்து கூடிய பூச்சே அதிகம் சுருங்கி வெடிக்கும். தடிப்பு அரை அங்குலம் அளவில் இருந்தால் போதும்.

கடல் மணலையும் உவர்க் கிணற்று நீரையும் பாவிக்க வேண்டாம். உப்பு பூச்சை உதிர்த்து, கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். மணலில் மண் கலந்துள்ளதா என்று பார்க்க, போத்தலில் பாதியளவு மணலும் மேலே நீரும் விட்டுக் குலுக்கி, சில மணி நேரம் அசையாமல் வையுங்கள். மணலின் மேல் தடித்த சேற்றுப் படை நின்றால் வேறு மணல் தேடுங்கள்.

குழைத்த சாந்தை ஒரு மணி நேரத்துக்குள் முடியுங்கள். இறுகியதற்கு மீண்டும் நீர் விட்டுப் பாவிக்காதீர்கள். சோளகக் காற்றும் கடும் வெயிலும் அடிக்கும் நேரத்தில் வெளிச்சுவர் பூசுவதைத் தவிருங்கள். நிழல் விழும் பக்கத்தைத் தெரிவு செய்யுங்கள்.

பூசிய மறுநாளிலிருந்து ஏழு நாட்களுக்குச் சுவர் காயக் கூடாது. கிணற்றில் நீர் குறைவென்றால், சாக்குகளை நனைத்துச் சுவரில் தொங்கவிட்டுக் காலை, மதியம், மாலை நனையுங்கள். மேசன் தன் வேலையை முடித்துப் போன பின், இந்த ஏழு நாள் வேலை வீட்டாருடையது.