ஆங்கிலக் ‘குவைட்’ என்னும் அளவடை: பொருள் வேறுபாடும் தமிழாக்கமும்

ஆங்கிலத்தில் அளவுணர்த்தும் வினையடைகளுள் ‘குவைட்’ என்பது ‘முற்றிலும்’, ‘ஓரளவு’ என ஏறத்தாழ எதிரெதிரான இரு பொருள்களைத் தருவதாகும். இதனை எங்கும் ‘மிகவும்’ என்றே பெயர்த்தால் மூலத்தின் மதிப்பீடு திரிந்துவிடும். இச்சொல்லின் பொருளைத் துணிய உதவும் கூறுகளை இக்கட்டுரை விளக்குகிறது.

‘விடுபட்ட’ என்னும் பொருளுடைய ‘குவிட்’ என்னும் சொல்லோடு இது ஒரே மூலத்தது. 14ஆம் நூற்றாண்டு முதல் ‘முழுமையாக’ என்ற பொருளில் வழங்கியது. ‘ஓரளவு’ என்னும் பொருள் 19ஆம் நூற்றாண்டில் தோன்றியது. புதுப்பொருள் வந்தபின்னும் பழம்பொருள் வழக்கொழியவில்லை.

இவ்விரண்டனுள் எது பொருந்தும் என்பதை அடுத்து வரும் பெயரடையே பெரிதும் உணர்த்தும். ‘இயலாத’ எனப் பொருள்படும் ‘இம்பாசிபிள்’ கூடுதல் குறைவுக்கு இடந்தராத சொல். ஆதலின் ‘குவைட் இம்பாசிபிள்’ என்பது ‘அறவே இயலாதது’ என்றாகும். ‘குட்’ என்பதோ ஏற்ற இறக்கம் உடையது. பிரித்தானிய வழக்கில் ‘குவைட் குட்’ பெரும்பாலும் ‘ஓரளவு நன்று’ என்றே அமையும். அமெரிக்க வழக்கில் அது ‘மிக நன்று’ என்னும் பாராட்டாகலாம். பிரித்தானியப் பேச்சில் ‘குவைட்’ அழுத்தம் பெறின் பாராட்டு மேலும் தணியும். எழுத்தில் இவ்வழுத்தம் புலப்படாது. எனவே பரிந்துரைக் கடிதம், ஆய்வேட்டு மதிப்பீடு போன்றவற்றைப் பெயர்ப்போர் எழுதியவரின் வழக்கையும் கருத வேண்டும்.

தொடர்நிலையிலும் பொருள் மாறும். ‘நாட் குவைட்’ என்பது ‘முழுமையாக அன்று’ எனப் பொருள்படும். ‘சிறிதும் இல்லை’ என்றாகாது. ‘எ ஃபியூ’ சிலவற்றைக் குறிக்க, ‘குவைட் எ ஃபியூ’ பலவற்றைக் குறிக்கும்.

தமிழில் உறு, தவ, நனி ஆகியன மிகுதிப்பொருள் தரும் உரிச்சொற்கள் எனத் தொல்காப்பியம் கூறும். நன்னூல் சால, கூர், கழி என்பவற்றையும் சேர்த்து ஆறாகக் காட்டும். இவை மிகுதியை உணர்த்துவனவேயன்றித் தணிவை உணர்த்துவன அல்ல. முழுமைக்கு ‘முற்றிலும்’, ‘அறவே’ என்பனவும், தணிவுக்கு ‘ஓரளவு’, ‘ஒருவாறு’ என்பனவும் தனித்தனியே உள்ளன. ஆங்கிலம் ஒரு சொல்லில் அடக்கியதைத் தமிழ் பிரித்தே சொல்ல வேண்டியுள்ளது. ஆகவே ‘குவைட்’ என்பதற்கு ஒற்றை நிகரன் காண முயல்வதினும், அது தழுவும் சொல், வழக்கு, தொடரமைப்பு ஆகிய மூன்றையும் நோக்கிப் பொருள் கொள்வதே தக்கது.